டப்பாக்காவின் நோட்டு

சித்தூர் தாலூகாவில் டப்பாக்காவின் மூக்குக்குத் தப்பும் டப்பாவை இனிமேல்தான் யாராவது செய்ய வேண்டும். எங்கள் வார்டில் வீடு வீடாகப் போய்த் தாய்சேய் நலம் பார்க்கும் ஆஷா பணியாளர் அவர். பிரசவமான வீட்டுக்கு வந்தால் எல்லோரும் குழந்தையைப் பார்ப்பார்கள். அவர் நேரே அடுக்களைக்குப் போய் டப்பாக்களைத் திறப்பார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கே மறந்திருக்கும்.

என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்ததும் என் மனைவி சுக்கும் திப்பிலியும் இடித்து மருந்து உருட்டினாள். வண்டிப்பெரியாற்றிலிருந்து சம்பந்தி வீட்டார் பெயரில்லாத லேகியம் ஒரு பாட்டில் அனுப்பினார்கள். அதைச் சாப்பிடாவிட்டால் அவர்களுக்கு அவமரியாதை. எங்களுடையதைச் சாப்பிடாவிட்டால் எங்களுக்கு மானக்கேடு. மகள் இரண்டையும் விழுங்கினாள். என் பங்குக்கு நான் ஆயுர்வேதக் கடையில் ஒரு குப்பி அரிஷ்டம் வாங்கி வந்தேன்.

டப்பாக்கா வந்தார். முகர்ந்தார். தும்மினார். நோட்டில் எழுதினார்.

"ஏனுங்க அம்மிணி, ஒரு வவுத்துக்கு ரெண்டு ஊட்டு மருந்துங்களா?"

"மண்ணுல வெளையறதுதானுங்க, என்ன பண்ணிப்போடும்?" என்றாள் என் மனைவி.

"அரளியும் மண்ணுலதானுங்க வெளையுது. தாய் திங்கறது பாலோட புள்ளைக்கும் போகுமுங்க. டாக்டரைக் கேக்காம இனி ஒரு உருண்டை குடுக்காதீங்க."

தலையாட்டினோம். அடுத்த வாரம் அவர் வருவதற்குள் லேகியத்தை அரிசி மூட்டைக்குள் புதைத்தோம், கைவிட்டு எடுத்தார். உருண்டைகளைத் தொட்டிலுக்கு அடியில் வைத்தோம், குனியாமலே கண்டுபிடித்தார். அரிஷ்டத்தை மட்டும் நான் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் பூட்டியிருந்தேன். கிளம்பும்போது வண்டியருகே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"ஏனுங்ணா, வண்டிக்கும் பிரசவமுங்களா?"

சிரித்து மழுப்பினேன். குப்பியைக் கொட்டவில்லை. மகளும் குடிப்பதை நிறுத்தவில்லை.

அதற்கு நான்காம் நாள் காலை குழந்தை பாலுக்கு எழவில்லை. உள்ளங்காலைச் சுண்டினோம், ஈரத்துணியால் துடைத்தோம். துணி மாதிரித் துவண்டு கிடந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "அம்மா என்ன மருந்து சாப்பிட்டாங்க?" என்றார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மகள் போன் செய்திருக்கிறாள். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்போடு டப்பாக்கா ஓடி வந்தார். மூச்சு வாங்க நோட்டை விரித்துப் படித்தார்.

"சுக்கு உருண்டை, ரெண்டு வேளை. பேரில்லாத லேகியம். ஸ்கூட்டர்ல அரிஷ்டம்."

டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. "இதனாலதான்னு இப்ப சொல்ல முடியாது. அரிஷ்டத்துல ஆல்கஹால் இருக்கும். லேகியத்துல என்ன இருக்குன்னு உங்க யாருக்குமே தெரியல. எல்லாத்தையும் நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் பசியில் அது வார்டே அதிர அழுதது. "நல்ல தொண்டைங்க" என்று டப்பாக்கா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இப்போது அவர் வரும் நாளில் டப்பாக்களை நானே மூடியைத் திறந்து வரிசையாக வைக்கிறேன். ஸ்கூட்டர் சீட்டையும் திறந்து விடுகிறேன். போன வாரம் மாங்காய் ஊறுகாயும் வரிசையில் இருந்தது.

"இது எதுக்குங்ணா?"

"சும்மா பாருங்க" என்றேன்.

அவர் முகர்ந்து தலையசைக்கும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.