ஏழாவது இனிங்ஸில் பெண் பார்த்தல்

புள்ளியியல் படித்த பெண்ணிடம் யாரும் புள்ளியியல் பற்றிக் கேட்பதில்லை. "அப்ப சொல்லும் பாப்பம், என்ன நடக்கும்?" என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லக்கூடாது என்பதை, சுதன் வீட்டார் ரொறன்ரோவின் ஒரு கோடியான ரெக்ஸ்டேலிலிருந்து மறுகோடியான ஸ்காபரோவுக்கு என்னைப் பெண் பார்க்க வந்த அன்று கற்றுக்கொண்டேன்.

சுதனும் நானும் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடமாகக் காதலித்தோம். இரண்டு வீட்டுக்கும் தெரியாது. தெரிந்தால் அவருடைய அம்மா ஒருநாளும் சம்மதிக்கமாட்டார். அதனால் தெரிந்த அன்ரி ஒருவரைப் பிடித்து, இதைப் பேசிச் செய்யும் கல்யாணமாக மாற்றியிருந்தோம். என்னென்ன கேட்பார்கள் என்று பட்டியல் போட்டேன். பதில்களைப் பாடமாக்கினேன். சுதனை முதன்முதலாகப் பார்ப்பது எப்படி என்று கண்ணாடி முன் பழகினேன். பட்டியலில் பேஸ்போல் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். ரொறன்ரோ அணி கிண்ணத்துக்கான கடைசிச் சுற்றான பிளேஓஃபில் ஆடிக்கொண்டிருந்தது. ஊரில் கிரிக்கெட் மட்டும் பார்த்த அப்பாமாருக்கெல்லாம் அந்த ஒக்ரோபரில் பேஸ்போல் காய்ச்சல். சுதனின் அப்பா சப்பாத்தைக் கழற்றும்போதே, "ரிவியைப் போடுங்கோவன், மட்ச் போகுது" என்றார். எங்கள் அணி முன்னிலையில் இருந்தது.

"பிள்ளை கணக்குக்காரியெல்லே? ஆர் வெல்லுவினம்?"

சுதன் கண்ணால் ஏதோ சொன்னார். (அதை வாசிக்கும் திறமை எனக்கு இன்றும் இல்லை.)

"தோப்பம், அங்கிள். ஒண்டு, ஆறாவது இனிங்ஸோட எங்கட பந்தெறியிற பிற்சருக்குக் கை களைச்சுப்போகும். ரெண்டு, மாத்தி வாறவரின்ர பந்துக்கு உவங்கள் ஹோம் ரன் அடிப்பாங்கள். மூண்டு, கடைசியில ஒரு ஓட்டத்தால தோப்பம்."

"அவள் சும்மா சொல்லுறாள்" என்று என் அம்மா அவசரமாகச் சிரித்தார்.

ஆறாவது இனிங்ஸில் பிற்சர் தோளைத் தேய்த்துக்கொண்டு வெளியேறினார். சுதனின் அம்மா ரிவியை விட்டு என்னைப் பார்த்தார். ஏழாவதில், புதிதாக வந்தவர் எறிந்த பந்தை அவர்கள் ஹோம் ரன் அடிக்க, அது பார்வையாளர்களுக்குள் போய் விழுந்தது. ஆட்டம் சமநிலை.

"பிள்ளைக்குக் கரிநாக்கோ?" என்று சுதனின் அம்மா என் அம்மாவிடம் மெல்லக் கேட்டார். (மெல்ல என்றால், பக்கத்து அப்பாட்மென்டுக்குக் கேட்காத அளவுக்கு.)

இலக்கங்களை நம்பி வளர்ந்தவள், அவை பொய்க்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருந்தேன். மூன்றாவதும் பலித்தால் கல்யாணம் நடக்காது.

எட்டாவதில் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாவதில் அவர்களுக்கு ஒரு ஓட்டம் கிடைத்தது. பிறகு எங்களுடைய கடைசி முறை. இரண்டு பேர் அவுட்; மூன்றாமவரும் போனால் ஆட்டம் முடிந்தது. மூன்றாவது பேஸில் ஒருவர் ஓடத் தயாராக நின்றார்.

"பிள்ளை, வெல்லுவம் எண்டு ஒருக்கால் சொல்லும்" என்றார் சுதனின் அம்மா.

அப்படிச் சொல்ல என்னிடம் தரவு இல்லை.

"சொல்லனடி!" என்றார் சுதன்.

இரண்டு மணித்தியாலத்துக்கு முன்தான் எனக்கு அறிமுகமான மாப்பிள்ளை, என்னை 'அடி' என்கிறார். கடைசிப் பந்து உயரப் போய் யாருடைய கையில் விழுந்தது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் எங்கள் இருவரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஓட்டத்தால் தோற்றோம் என்று ரிவிதான் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு காலமா?" என்று சுதனின் அம்மா கேட்டார்.

"ரெண்டு வருசம், அம்மா" என்றார் சுதன்.

அவர் எழுந்து ரிவியை நிறுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நாங்கள் மாட்டம் எண்டு சொன்னால் என்ன நடக்கும், பிள்ளை?"

எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பேசாமல் இருந்தேன். அதுதான் அவரைப் பயப்படுத்தியிருக்க வேண்டும்.

"சரி" என்று அவர் தன் கணவரிடம் சொன்னார். "உந்த வாய் வெளியில நிக்கிறதை விட எங்கட வீட்டுக்குள்ள இருக்கட்டும்."

அந்த வருடம் எங்கள் அணி கிண்ணத்தை வென்றது. அதற்குப் பிறகு என்னிடம் யாரும் ஒன்றும் கேட்காததுதான் காரணம் என்பது மாமியின் முடிவு. இன்றைக்கும் மட்ச் தொடங்கினால் அவர் தன் கையாலேயே ஒரு பயற்றம் பணியாரத்தை என் வாயில் வைத்துவிடுவார். வந்திருப்பவர்கள் அதைப் பாசம் என்று நினைப்பார்கள். சுதன் மட்டும் தட்டை எட்டிப் பார்ப்பார், ஒன்பதாவது இனிங்ஸ் வரைக்கும் பணியாரம் போதுமோ என்று.