மெதுவாக இறங்கிய வெள்ளிக்காசு

பகுத்தறிவுக்கு ஒரு குணம் உண்டு. டீக்கடை பெஞ்சில் நாலு பேர் கூட இருந்தால் சிங்கம் மாதிரி உட்கார்ந்திருக்கும். வீட்டுக்குள் ஒற்றை ஆளாக இருக்கும்போது ஒரு காசு சொன்னபடி கேட்கவில்லை என்றால் போதும், நமக்கு முன்னால் அது வாசலைத் தாண்டிவிடும்.

அப்போது அல்லிநகரத்தில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். (பார்த்தேன் என்றுதான் சொன்னேன், சரியானது என்று சொல்லவில்லை.) எனக்கு வந்த இரண்டு சம்பந்தங்களும் ஒரே காரணம் சொல்லித் தட்டிப்போயிருந்தன. "அப்பா இல்லாத வீடு. பெரிய மனுசன்னு யார்கிட்ட உக்காந்து பேசுறது?" மூன்றாவதாக, தேவாரத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஒருவர் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். அப்பா இல்லாத குறையை அறிவால் அடைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கை உடைத்தால் உள்ளே பொல்லாத காந்தம் இருக்கும். சன்மைக்கா ஒட்டிய பலகையைச் சாய்வாக நிறுத்தி, அடியில் அந்தக் காந்தங்களைக் கோணலாக வரிசைகட்டி ஒட்டினேன். புது ஒரு ரூபாயில் இரும்பு. காந்தம் இழுத்த பக்கம் ஒதுங்கி இடது டப்பாவில் விழும். பழைய ரூபாயில் செம்பும் நிக்கலும் கலப்பு, காந்தம் இழுக்காது. நேரே ஓடி வலது டப்பாவில் விழும். உலோகம் பார்த்துக் காசு பிரிக்கும் மெஷின்! (எதற்குப் பிரிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.)

அவர்கள் வரும் அன்று ஆனிக் காற்று. மலைப் பக்கமிருந்து சாரல் இறங்கி, மத்தியானமே வீடு மங்கிப்போனது. கரண்டும் இல்லை. கடைசியாக ஒருமுறை சரிபார்க்க, சாமி அலமாரியில் இருந்த டப்பாவையும் கவிழ்த்துக் காசு எடுத்தேன். எல்லாம் ஓடின. ராஜா தலை போட்ட ஒரு பழைய காசு மட்டும் ஓடவில்லை.

நிற்கவும் இல்லை. சர்ரென்று சறுக்கி வந்தது. காந்தத்துக்கு மேலே வந்ததும், யாரோ விரலால் அழுத்திக்கொண்டு கூடவே வருவதுபோல மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. காந்தம் பிடிக்கிறதோ என்று தனியாக ஒன்றை எடுத்து ஒட்டிப் பார்த்தேன். துளியும் ஒட்டவில்லை. அப்படியானால் பிடிப்பது யார்?

கேரம்போர்டு பவுடர் தூவினேன். துடைத்தேன். சாய்வை ஏற்றினேன். மற்ற காசெல்லாம் பறந்தன. இது மட்டும் மூட்டுவலிக்காரர் படியிறங்கும் நடை. எங்கேயோ பார்த்த நடை. புரட்டிப் பார்த்தபோதுதான் ராஜாவின் காதோரத்தில் காய்ந்த சந்தனம் தெரிந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, அதை ஏன்டா எடுத்த? உங்கப்பா நெத்தியில வச்ச காசுடா அது! வெள்ளின்னு, தூக்குறதுக்கு முன்னால எடுத்துட்டு வேற காசு வச்சோம்."

அப்பாவின் நடை! அவள் முடிக்கும்போது நான் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தேன். அதுவரை துடைப்பம் மட்டுமே நுழைந்திருந்த இடுக்கு. கைலி என்னோடு வரவில்லை. பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கதவு படாரென்று திறந்தது. தேவாரத்துக்காரரும் அவருடைய அக்காவும்.

"என்ன தங்கச்சி, மாப்பிள்ளை இல்லையா?" என்றார் அவர்.

பீரோவுக்குப் பின்னாலிருந்து என் குரல் என்னைக் கேட்காமலே புறப்பட்டது. "அப்பா வந்திருக்காரு!"

வாசலில் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். காற்றுகூட.

"ஆத்தாடி," என்றார் அக்கா. "செத்துப்போயிட்டாகன்னுல்ல சொன்னாக!"

அம்மா விஷயத்தைச் சொன்னாள். தேவாரத்துக்காரர் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து காசை விட்டுப் பார்த்தார். அதே நடை. தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். காசை மறுபடி மேலே வைத்தார்.

"மச்சான், எம் மகளை உங்க மகனுக்குக் குடுக்கலாம்னு வந்திருக்கேன். சம்மதம்னா மெதுவா இறங்குங்க."

பலகையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. காசு டப்பாவில் விழுந்தபோது அம்மா அழுதுவிட்டாள்.

"பேச வேண்டியவுககிட்டப் பேசியாச்சு," என்று எழுந்தார் அவர். "மாப்பிள்ளைக்கு ஒரு கைலியக் குடு தங்கச்சி. வெளிய வரட்டும்."

வெள்ளி, காந்தத்தின் மேல் ஓடும்போது அதற்குள்ளேயே மின்சாரம் சுழன்று பிரேக் போடுமாம். கல்யாணமான வாரமே என் மனைவி சொன்னாள். (பி.எஸ்ஸி. பிசிக்ஸ். அவங்க அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.) விளக்கம் சரிதான். ஆனாலும் சாரல் நாளில் நான் தனியாக அந்தக் காசை விடுவதில்லை.

அந்தக் காசு யாருக்கும் மறுப்புச் சொன்னதில்லை. அது புரிந்ததும் மோட்டார் பைக், கேமரா என்று ஒவ்வொன்றாக அப்பாவிடம் அனுமதி வாங்கினேன். இரண்டாவது பைக்குக்காக நான் பலகை முன்னால் உட்கார்ந்தபோது மனைவி முந்திக்கொண்டாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, பயபக்தியோடு கேட்டாள்:

"மாமா, இவருக்கு இது தேவையில்லைதானே? ஆமான்னா மெதுவா இறங்குங்க."

அப்பா இறங்கினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த விஷயத்துக்கும் வாக்குவாதமே கிடையாது. யார் கேள்வி கேட்பது என்பதில்தான் அடிதடி.