உதுக்கு ஏன் ஆள்?

'உதுக்கு ஏன் ஆள்?' என்கிற ஆசாமியை உங்களுக்குத் தெரியுமா? தெரியாமலா இருக்கும்! குழாய் ஒழுகினால் தானே கழற்றிப் பூட்டி, கீழ்வீட்டுக்காரனின் முகட்டையும் ஒழுக வைப்பார். பிள்ளையின் தலைமயிரைத் தானே வெட்டி, பிள்ளையைத் தொப்பியோடு பள்ளிக்கூடம் அனுப்புவார். கேட்டால் ஒரே மறுமொழி: "உதுக்கு ஏன் ஆள்?" இந்த இனத்தின் முற்றிய வடிவத்தை ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில், ஒரு பதினோராம் மாடியில் காணலாம். பெயர் பாக்கியராசா. அடியேன்தான்.

பதினோராம் மாடியில் இருந்துகொண்டு எனக்கு மரக்குற்றியால் வீடு கட்டும் ஆசை வந்தது. ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு துண்டுக் காணி, லைப்ரரியில் எடுத்த படப் புத்தகம் ஒன்று. போதாதா? அதற்கு முன் நான் கட்டியது ஒரு கோழிக்கூடு. அதற்குள் எந்தக் கோழியும் போகவில்லை.

என் மனைவி தவமலர் தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "புது வீட்டுக் குடிபூரலண்டைக்கு வாசலாலை வலது காலை வைச்சு வருவன். அதிலை ஏதும் பிசகினால் உந்தக் கட்டுமானப் பைத்தியம் அண்டையோடை சரி. சுத்தியலை என்னட்டைத் தந்திட வேணும்." சுத்தியல் இல்லாத பாக்கியராசாவை நினைத்துப் பார்த்தேன். அன்றிரவு சுத்தியலைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன்.

இந்த ஆசாமிக்கு ஆள்தான் வேண்டாம், பஞ்சாங்கம் கட்டாயம் வேண்டும். கார்த்திகையில் அத்திவாரம் போட்டாயிற்று. மார்கழி பிறந்தபோது வெயில் எறித்தது. பனி ஒரு பொட்டும் இல்லை. ஆனால் மார்கழியில் யாராவது வாசல் நிலை வைப்பார்களா? கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம். தை பிறந்தது. ரொறன்ரோவில் பனி அள்ள ஆமியைக் கூப்பிட்டார்களே, அந்தத் தைதான்! ஆமிக்குப் பயந்து நாடு விட்டு ஓடிவந்த நாங்கள், ஆமி தெருவைத் துப்புரவாக்கும்வரை காத்திருந்து வடக்கே புறப்பட்டோம்.

குற்றிகளைச் சுவராக அடுக்கிய பிறகே வாசல் வெட்ட வேண்டும் என்றது புத்தகம். எங்களுக்கு அது சரிவருமா? முதலில் நிலை, பிறகுதான் சுவர். முழங்கால் புதையும் பனியில், கிழக்குப் பார்த்து, பிளாஸ்ரிக் மாவிலை கட்டி, காற்றில் அணைந்த கற்பூரத்தைத் திரும்பத் திரும்பக் கொளுத்தி, மூன்று ஜக்கற் போட்டுக் கை மடிக்க முடியாமல் நின்ற சிநேகிதன் ஸ்ரீஸ்கந்தராசா ஒரு பக்கம் பிடிக்க, சுபநேரத்தில் நிலையை நட்டேன். அப்புறம் அந்தக் குளிர்காலம் முழுக்க இழுத்ததும் கொத்தியதும் தூக்கியதும்தான். மீசை உறைந்தது. முதுகு போய்விட்டது.

தவமலர் எங்கள் வான் வண்டிக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு புத்தகம் படித்தாள். "நிலைக்கு மேலை நாலு விரல் இடைவெளி விடச் சொல்லிக் கிடக்கு. பச்சை மரமாம். காயக் காயச் சுவர் இறங்குமாம்."

"வாசலுக்கு மேலை பொத்தலோ? வீட்டுக்கு வாற லட்சுமி அதாலை போயிடுவாள். உதெல்லாம் வெள்ளையளுக்கு!" இறுக்கி அடித்தேன்.

வைகாசியில் கூரை ஏறியது. ஆடி கூடாத மாதம் என்று கதவைச் சாத்திவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை. ஆவணியில் குடிபூரல். றிச்மண்ட் ஹில்லில் இருந்து ஐயர், வான் வானாகச் சனம். கதவைத் தள்ளினேன். எல்லோரும் தள்ளினோம். ஸ்ரீஸ்கந்தராசா இடித்துப் பார்த்துவிட்டுத் தோளைத் தடவினான். மரம் காய்ந்து, சுவரும் கூரையும் இறங்கி, என் சுபநேரத்து நிலையின் தலையில் ஏறிக் குந்தியிருந்தன.

ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். "நேரம் போகுது, பாக்கியம்."

தவமலர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சேலையைச் சொருகிக்கொண்டு கதிரையில் ஏறி, யன்னலால் வலது காலை வைத்து உள்ளே போனாள். யன்னலுக்குச் சுபநேரம் கிடையாது. அதைப் புத்தகத்தின்படியே வைத்திருந்தேன். பால் பானையை நீட்டினேன். வாங்கிக்கொண்டு மற்றக் கையையும் நீட்டினாள்.

"சுத்தியல்."

கொடுத்தேன். ஐயோ, சனத்துக்கு முன்னால் கண் கலங்கிவிட்டது.

"இனியெண்டாலும் ஒரு ஆளைப் பிடியுங்கோ!" என்றாள் யன்னலுக்குள் நின்று.

திரும்பி முற்றத்தைப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டியபடி அத்தனை ஆம்பிளைகளும் முன்னுக்கு வந்துகொண்டிருந்தார்கள். "உதுக்கு ஏன் அண்ணை ஆள்? மரம் அரியிற வாள் இருக்கோ?"

சிரிக்கிறீர்கள். கதவு இறுகிய இடத்திலேயே, நிலையின் மேல்மரத்தில் கொஞ்சம் அறுத்தால் திறந்துவிடுமே என்று நீங்களும் யோசிக்கவில்லையா? வாள் வானின் பின் சீற்றில் கிடக்கிறது. தவமலர் காணாமல் எடுங்கள்.