வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

கம்ப்யூட்டரில் இணைப்புக்காக ஓடிய பச்சைக் கோடு பத்து சதவீதத்துக்கு வந்து உட்கார்ந்ததுதான், அதற்குமேல் நகர மாட்டேன் என்றது. குடிநீர்ப் புகார்ப் பிரிவின் தலைமை எழுத்தர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரையை முறைத்துக்கொண்டிருந்தார். ஊர்க் குழாய்களில் தண்ணீர் வராததற்கெல்லாம் பதில் எழுதுகிறவருக்கு, இந்தக் கோடு நகராததை யாரிடம் சொல்லி அழுவதென்று தெரியவில்லை.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மகளுடைய இணையப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தது அவளுக்குத் தெரியக் கூடாது.

மனைவி காலமான பிறகு வீட்டில் மிஞ்சியது அப்பாவும் மகளும்தான். அவர் பத்துப் பேர் வாசலில் கால் கடுக்க நின்று வாங்கிக் கொடுத்த வேலையை உதறிவிட்டு, மகள் படம் வரையப் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கினாள். "வாசப்படியத் தாண்டினா நீ என் பொண்ணே இல்ல" என்றார். தாண்டிவிட்டாள். அவளைக் கெடுத்தது இன்டர்நெட்தான் என்று வீட்டு இணைப்பை அன்றைக்கே பிடுங்கினார். போனிலிருந்து அவள் நம்பரையும் அழித்தார்.

வீறாப்பு ஒரு மாதம்தான் தாங்கியது. அப்புறம் மூன்று வருஷமாக, மதியம் ஒரு மணிக்கு எல்லோரும் கேன்டீனுக்குப் போனதும், ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவள் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார். தினம் ஒரு படம் இருக்கும். நனைந்த குடை, கால் உடைந்த மூக்குக்கண்ணாடி, குனிந்து செருப்பு மாட்டும் ஒரு வழுக்கைத் தலை. அந்த வழுக்கை யாருடையது என்று தெரிந்த நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பக்கத்தின் அடியில் இருந்த குட்டி வரைபடத்தைக் கவனித்தார். பார்க்க வருகிறவர்களின் ஊர்கள் அதில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிந்தன. அவருடைய ஊரின்மேலும் ஒரு புள்ளி. பக்கத்தில், 'இன்று ஒருவர்.' அவருக்கு வியர்த்துவிட்டது. மானம் போய்விட்டதா, இன்னும் மிச்சம் இருக்கிறதா?

இருக்கும் ஊரை மறைத்துக்கொண்டு இணையத்தில் உலாவ ஒரு மென்பொருள் உண்டு என்று எப்போதோ பேப்பரில் படித்திருந்தார். அதை இறக்கினார். ஆபீஸ் நெட்வொர்க் அதை வாசலிலேயே மறித்தது; பச்சைக் கோடு பத்தில் உட்கார்ந்தது அப்போதுதான். தடை இருந்தால் 'பாலம்' என்ற வசதியைப் போடு என்றது மென்பொருள். போட்டார். கோடு கடைசிவரை ஓடி, கம்ப்யூட்டரின் கடிகாரம் தப்பு என்று சொல்லி நின்றது. பார்த்தால் இருபது நிமிடம் பின்தங்கியிருந்தது. திருத்தினார்.

பிரிவின் வருகைப் பதிவு அந்தக் கடிகாரத்தை நம்பித்தான் ஓடுகிறது என்பது மறுநாள் காலையில்தான் உறைத்தது. பல வருஷமாகச் சரியான நேரத்துக்கு வந்துகொண்டிருந்த ஆறு பேரும் ஒரே நாளில் தாமதமாகிவிட்டார்கள். ஆறு பேரும் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள்.

ஆனாலும் இணைப்பு கிடைத்தது. மகளின் பக்கம் திறக்கவில்லை. நீ மனிதன்தான் என்று நிரூபி, சைக்கிள் உள்ள படங்களைத் தொடு என்றது. மூன்று முறை தொட்டார்; மூன்று முறையும் இல்லை என்றது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற அன்று மகளும் ஏறக்குறைய இதையேதான் கேட்டாள் என்று நினைத்துக்கொண்டார். அன்றைக்கும் அவர் தேறவில்லை.

நாலாவது முறை கதவு திறந்தது. ஊரின்மேல் புள்ளி இல்லை. எங்கேயோ பனி பெய்கிற நாட்டில் ஒரு புள்ளி மினுக்கியது. தலைமை எழுத்தர் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு டப்பாவைத் திறந்தார்.

அன்றைய படம் ஒரு காலி நாற்காலி. மறுநாளும் அதே நாற்காலிதான். அதற்கு மறுநாள் படமே இல்லை. அதற்கடுத்த நாலைந்து நாளும் இல்லை. உடம்புக்கு என்னவோ, தனியாகக் கிடக்கிறாளோ, ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆள் உண்டோ என்று அவர் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. கேட்கலாம் என்றால் நம்பர் இல்லை. அதை அழித்த விரலை வெறித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடியிலிருந்து நெட்வொர்க் அதிகாரி இறங்கி வந்தார். இந்தக் கம்ப்யூட்டர் வெளிநாட்டோடு ரகசியமாகப் பேசுகிறது, விளக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார்.

"அப்படி யாருகிட்ட சார் பேசுறீங்க?"

"யாருகிட்டயும் பேசல சார். பேசியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

அதிகாரி ஒயர்களைப் பிடுங்கி, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மேஜையில் அது இருந்த இடம் மட்டும் தூசி படியாமல் சதுரமாக மிஞ்சியது. மகளைப் பார்க்க அவருக்கு இருந்த ஒரே ஜன்னலும் போயிற்று. கேன்டீனிலிருந்து திரும்பிய ஆறு பேரும் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டெலிபோன் போர்டில் உட்காரும் அம்மாள் கையில் ஒரு துண்டுச் சீட்டோடு வந்து நின்றாள். அதில் ஒரு நம்பர் இருந்தது.

"சார், உங்க பொண்ணு லைன்ல வந்துச்சு. மூணு வருஷமா தினம் ஒரு மணிக்கு நம்ம ஊர்ல இருந்து வர்ற ஒருத்தர பத்து நாளா காணோமாம். அப்பா உயிரோட இருக்காரான்னு கேக்குது."