துண்டுக்கு ரெண்டு முட்டை

பட்டைக் கிடங்கு கணக்குப்பிள்ளை ரத்தினசாமி முதலியார் மூன்றாவது சாக்லேட்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டபோதுதான், டைப்பிஸ்ட் இருதயராஜ் டப்பா மூடியில் இருந்த இங்கிலீஷைப் படித்துச் சொன்னார்.

"இன்னா சத்து பாருங்க முதலியார்! ஒரு துண்டுல ரெண்டு முட்டைன்னு போட்டிருக்கான்."

முதலியாருக்குப் பகீரென்றது. துப்பலாமென்று பார்த்தால், அந்தப் பாழாய்ப்போன வஸ்து வந்த சுவடே தெரியாமல் கரைந்து உள்ளே இறங்கிவிட்டது.

டப்பா லண்டன் ஏஜெண்டு அனுப்பியது. தோல் பதனிடும் டேனரியின் முதலாளி இஷ்தியாக் அகமது சாயபு, "கல்யாணப் பொண்ணுக்குக் குடுங்க" என்று தூக்கிக் கொடுத்திருந்தார். கல்யாணப் பெண்ணுக்குப் போகுமுன் அப்பா ருசி பார்த்ததுதான் வினை.

ஆம்பூர் டேனரியில் முதலியாருக்கு இருபது வருஷ உத்தியோகம். ஆவாரம்பட்டை, கடுக்காய் தவிர எதையும் தொட்டதில்லை, தோல் காயும் பக்கம் மூக்கைக்கூடத் திருப்பியதில்லை என்று சொல்லிக்கொள்வார். அந்தச் சைவப் பெருமையை நம்பித்தான் காவேரிப்பாக்கம் ஏகாம்பர முதலியார் இவர் மகள் செண்பகத்தைத் தன் மகனுக்குக் கேட்டிருந்தார். வியாழக்கிழமை நிச்சயம். ஏகாம்பரம் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தட்டு மாற்றுமுன் பெண்ணைப் பெற்றவர், "இந்த உடம்பில் முட்டைகூடப் பட்டதில்லை" என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும்.

இன்று திங்கட்கிழமை.

விஷயத்தைக் கேட்ட மனைவி ரங்கம்மாள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "மூணு துண்டுதானே! வாய கொப்பளிச்சிட்டு வாங்க, சாப்பிடலாம்."

"துண்டு மூணு, முட்டை ஆறுடி! பொய்ச் சத்தியம் பண்ணா கண்ணு அவிஞ்சிடும்."

"அப்ப பண்ணாதீங்க."

"பண்ணலன்னா பொண்ணு கல்யாணம் நின்னுடும்!"

முதலியார் கிணற்றடியில் குந்தி, ஒரு சொம்பு உப்புத் தண்ணீரைக் குடித்து, தொண்டையில் விரலை விட்டு ஓங்கரித்தார். சத்தம் மட்டும்தான் வெளியே வந்தது. சத்தத்தைக் கேட்டுத் தெருவே வந்தது.

"ஐயோ, வாந்திபேதியா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

மறுநாள் காலையில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து கிணற்றில் மருந்தைக் கொட்டிவிட்டுப் போனார். குடிக்கத் தண்ணீருக்கு ரங்கம்மாள் பாலாற்று ஊற்றுக்கு நடந்தாள். முதலியார் யூனானி வைத்தியம் பார்க்கும் ஹக்கீம் ஜியாவுல்லாவிடம் நடந்தார்.

"சாக்லேட்டுல முட்டை தின்னா இன்னா ஆவும் ஹக்கீம் சாயபு?"

"தாக்கத் ஏறும், உடம்புல பலம் ஏறும். ரத்தம் ஊறும். நல்லதுதானே?"

"அதெல்லாம் வாணாம். வியாழக்கிழமைக்குள்ள வெளிய போவணும்."

ஹக்கீம் தாடியைத் தடவினார். "பேதிக்குக் குடுத்தா வயிறு காலியாவும். ஆனா சத்து எலும்புல போய் குந்திக்குமே! நாப்பது நாளைக்கு அசையாது. சாக்லேட்டுன்னா சூடு வேற ஜாஸ்தி."

முதலியார் விடவில்லை, பேதிச் சூரணத்தை வாங்கினார். சூரணம் நன்றாக வேலை செய்தது, முதலியாரால்தான் வேலைக்குப் போக முடியவில்லை. எலும்பில் குந்தியிருப்பதைப் பட்டினி போட்டு விரட்டுவது என்று முடிவு கட்டி, திங்கள் ராத்திரி தொடங்கிய உபவாசத்தை வியாழன்வரை நீட்டினார். ரங்கம்மாள் கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். மனிதர் மோரைக்கூடத் தொடவில்லை.

வியாழக்கிழமை வந்த ஏகாம்பர முதலியார், கன்னம் ஒட்டிச் சுவரைப் பிடித்து நிற்கும் சம்பந்தியைப் பார்த்தார். "இன்னா இப்படி இருக்கீங்க? பரம்பரையில க்ஷயம் கியம் உண்டா?"

"சேச்சே! கல்யாண வேலைங்க" என்று ரங்கம்மாள் முந்திக்கொண்டாள்.

தட்டில் கற்பூரம் எரிந்தது. முதலியார் கையை நீட்டினார். மகள் முகம் கண்ணில் பட்டதும் மனுஷன் உடைந்துபோனார்.

"சம்பந்தி, என்னை மன்னிச்சிடுங்க! ஆறு முட்டை தின்னுட்டேன்!"

ஏகாம்பரம் மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். செண்பகம் விசும்பினாள். மாப்பிள்ளைப் பையன் மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "எதுலங்க மாமா?" என்று கேட்டான். அவன் ஆற்காட்டில் இங்கிலீஷ் வாத்தியார்.

டப்பா வந்தது. படித்தவன் சிரித்துவிட்டான்.

"இதுல முட்டையே இல்லப்பா. பாலு, சக்கரை, கோகோன்னு ஒரு கொட்டை, அவ்ளோதான். ரெண்டு முட்டை தின்னா கெடைக்கிற சத்து ஒரு துண்டுலயே கெடைக்கும்னு போட்டிருக்கான். விக்கிறவன் அப்படித்தான் எழுதுவான். ஜாஸ்தி தின்னா பல்லுதான் சொத்தையாவும்."

"சுத்த சைவமா?" என்றார் ஏகாம்பரம்.

"சுத்த சைவம்."

"எங்க, ஒண்ணு குடு பாக்கலாம்."

ஒன்று நான்காயிற்று. பல்லைப் பற்றி மகன் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. புதுக் கற்பூரம் ஏற்றச் சொன்னார்.

முதலியாருக்கு எங்கிருந்து பலம் வந்ததோ! நெஞ்சை நிமிர்த்தி, "இந்த உடம்புல முட்டை பட்டதே இல்ல!" என்று தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி முழங்கிக் கற்பூரத்தை அணைத்தார். ரங்கம்மாள் கண்ணை இறுக மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தட்டு மாறியது. தை மாதம் முகூர்த்தம் என்று பேசி முடித்துச் சம்பந்திகள் வண்டியேறினார்கள்.

வழியனுப்பப் போன ரங்கம்மாள் இன்னும் வாசலில்தான் இருந்தாள். முதலியார் மூன்று நாள் பசியோடு இலையில் உட்காரப் போன சமயம், கொல்லைக் கதவு தட்டப்பட்டது. திறந்தால், பின்தெருவில் கோழி வளர்க்கும் முனியம்மா கூடையோடு நின்றாள்.

"இன்னா முனியம்மா?"

"நீங்க பட்டினின்னு அம்மா மூணு நாளா வாணாம்னுட்டாங்க. இன்னிக்கு சாப்பிடறீங்கதானே ஐயா? உங்களுக்கு ரத்தம் கம்மின்னு ரெண்டு வருசமா தெனமும் அடை மாவுல ஒடச்சி ஊத்துறாங்களே, அந்த ரெண்டு முட்டையை வெச்சிட்டுப் போவட்டா?"