காத்திருப்போருக்கு ஒரு சிம்பொனி

மனித குலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு நெருப்பு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சக்கரம் என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரு லிஃப்ட் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்குப் போன் போட்டுப் பதிலுக்காகக் காத்திருந்த பாக்கியம் பெறாதவர்கள். பெற்றிருந்தால், நாகரிகத்தின் சிகரம் 'காத்திருப்பு இசை'தான் என்று சண்டை சச்சரவில்லாமல் ஒப்புக்கொண்டிருப்பார்கள். அந்தச் சிகரத்தில் கொடி நாட்டிய ஒரு மகானின் வரலாறு இது.

அவர் அந்த லிஃப்ட் நிறுவனத்தில் புகார்ப் பிரிவு மேற்பார்வையாளர். அலுவலகத்தில் அவரை 'சிம்பொனி சார்' என்று கூப்பிட்டார்கள். அவர்கள் கிண்டலாகச் சொன்னார்கள், அவர் பட்டமாக வாங்கிக்கொண்டார். வீட்டில் இஸ்திரி போடுகிற அறையில் பாதியைத் தடுத்து ஒரு 'ஸ்டுடியோ' வைத்திருந்தார். ஒரு கம்ப்யூட்டர், இருபத்தைந்து கட்டைகள் கொண்ட குட்டிக் கீபோர்டு, காதை முழுசாக விழுங்கும் ஹெட்போன். இவ்வளவுதான் ஸ்டுடியோ.

அந்தக் கீபோர்டுக்குச் சொந்தமாகக் குரல் கிடையாது. எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு பலமாக அழுத்தினார் என்ற தகவலை மட்டும் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கும். கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கும் வாத்தியக்காரர்கள் அதை வாசிப்பார்கள். லீவு கேட்காதவர்கள், டீ கேட்காதவர்கள். இந்த ஏற்பாட்டுக்கு 'மிடி' என்று பெயர். மேலே இருப்பவர் உத்தரவு மட்டும் போடுவார். சத்தம் வேறு எங்கிருந்தோ வரும். இருபத்திரண்டு வருடம் ஆபீசில் குப்பை கொட்டியவருக்கு இந்தத் தத்துவம் ஒரே நாளில் பிடிபட்டதில் அதிசயமில்லை.

தாளம் தப்பினாலும் கவலையில்லை. ஒரு பொத்தானைத் தட்டினால் முன்னே பின்னே விழுந்த சுரங்களெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஓடிவந்து வரிசையில் நிற்கும். 'யந்திரம் மாதிரி இருக்கிறதே' என்று மனசு உறுத்தினால் அதற்கு 'மனிதத்தன்மை' என்று ஒரு குமிழ். அதைத் திருகினால் கம்ப்யூட்டரே பார்த்து அங்கங்கே நாலு பிழை செய்து கொடுக்கும். சிம்பொனி சார் முதலில் தம்முடைய பிழைகளை நீக்குவார். பிறகு கம்ப்யூட்டரின் பிழைகளைச் சேர்த்துக்கொள்வார். மனிதத்தன்மை பன்னிரண்டு சதவீதம். அதற்கு மேல் போனால் ஒழுங்கு கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை.

எல்லாம் இருந்தது, கேட்கத்தான் நாதியில்லை. மச்சான் வந்தால் பாட்டு ஆரம்பித்த நாற்பதாவது விநாடி அவருக்கு ஓர் அவசரப் போன் வந்துவிடும். மணி அடிக்காமலே வரும். மகள் முதல் சுரத்துக்கு முன்பே "சூப்பர்ப்பா" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வாள். மனைவி மட்டும் கொஞ்சம் பொறுமைசாலி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாளெல்லாம் "ஒரு நிமிஷம்தான், வலிக்காது" என்று சொல்லிச் சொல்லி ஊசி குத்துகிறவள். இரண்டு நிமிடம்வரை உட்காருவாள். அதற்குள் அடுப்பில் ஏதாவது ஒன்று பொங்கும்.

"இரும்மா, இப்பத்தான் வயலின் உள்ள வரப்போகுது."

"வயலின் எங்கயும் போகாதுங்க. பால் போயிடும்."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். அவர் போட்ட ஒரு மெட்டையாவது மனைவி கடைசிச் சுரம்வரை கேட்டதில்லை. ஊரே எழுந்து கைதட்டினாலும் அந்த ஒரு குறை அவருக்குத் தீராது. ஊர் கைதட்டவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த நிலையில்தான் நிறுவனத்துக்கு ஒரு சோதனை வந்தது. புகார்ப் பிரிவில் நாலு மேஜை, நாலு போன், நாலு பேர் என்று இருந்த காலம் போய்விட்டது. இருவர் ஓய்வு பெற்றார்கள். ஒருவர் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு'க்கு மாற்றலாகிப் போனார். அந்தப் பிரிவில் போன் கிடையாது. மிஞ்சியது நாலாவது மேஜைக்காரி, எல்லோருக்கும் 'நாலாம் நம்பர் அக்கா'. லிஃப்ட்டுகள் மட்டும் ஆள் குறைப்பைப் பற்றிக் கவலைப்படாமல் வழக்கம்போல் நடுவழியில் நின்றன. "போனை எடுக்க ஆளே இல்லை" என்று கடிதங்கள் குவிந்தன. பத்தாவது மாடியில், பொது மேலாளர் தலைமையில், அவசரக் கூட்டம் கூடியது.

"பிரச்னை என்ன?" என்றார் பொது மேலாளர்.

"ஆள் பத்தல சார்," என்றாள் நாலாம் நம்பர் அக்கா.

"அது உங்க கோணம். வாடிக்கையாளர் கோணத்துல யோசிங்க. அவருக்கு என்ன கஷ்டம்?"

"லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாரு சார்."

"அதை விடுங்க. நமக்குப் போன் போட்டுட்டுக் காத்திருக்காரு இல்லையா, அப்ப அவர் காதுல என்ன விழுது?"

"கொய்ங்னு ஒரு சத்தம் சார்."

பொது மேலாளர் மேஜையைத் தட்டினார். "பிடிச்சிட்டேன் பாத்தீங்களா!"

'புகார்கள் அனைத்துக்கும் மூலகாரணம் இசையின்மையே எனக் கண்டறியப்பட்டது' என்று கூட்டக் குறிப்பில் ஏறியது. சிம்பொனி சார் எழுந்து நின்று, இசையைத் தாமே அமைத்துத் தருவதாகச் சொன்னார். போனைக் கீழே வைக்க மனம் வராத ரசிகர்கள்! பால் பொங்காத, அவசர அழைப்பு வராத ரசிகர்கள்! எந்தச் சபையில் இப்படிப்பட்டவர்கள் கிடைப்பார்கள்?

பதினேழு நாள் தவமிருந்து பதினோரு நிமிட சிம்பொனி ஒன்றைப் படைத்தார். ஒன்பதாவது நிமிடத்தில் எல்லா வாத்தியமும் அடங்க, ஒற்றை வயலின் எழும். அந்த இடத்தை அமைக்கும்போது அவரே அழுதுவிட்டார். மிடியில் வாத்தியங்கள் உட்காரப் பதினாறு சேனல்கள் உண்டு. மரியாதைக்குரிய வயலினை எங்கே உட்கார வைப்பது? அவர்கள் கட்டடத்தில் பத்தாவது மாடிதான் பொது மேலாளருடையது. எனவே வயலினைப் பத்தாவது சேனலில் அமர்த்தினார். அவருடைய கம்ப்யூட்டர் மறுபேச்சு பேசாமல் அங்கேயும் வயலினையே வாசித்தது.

சிம்பொனியை ஒலியாகப் பதிவு செய்து அலுவலகத்துக்கு அனுப்பியபோது, கோப்பு பெரியது என்று அலுவலக மின்னஞ்சல் திருப்பிவிட்டது. மிடி கோப்போ அரிசிமணி அத்தனைதான் இருந்தது. அதை அனுப்பினார், அலுவலகத் தொலைபேசி யந்திரமும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டது. ஆக, வாத்தியக்காரர்கள் இஸ்திரி அறையிலேயே தங்கிவிட, உத்தரவு மட்டும் ஆபீஸ் போய்ச் சேர்ந்தது.

மறுநாளே ஒரு சுற்றறிக்கை. 'இசை நிறைவுறும் முன் அழைப்பை எடுப்பது கலைக்கு இழைக்கும் அவமதிப்பாகக் கருதப்படும்.' கீழே சிம்பொனி சாரின் கையெழுத்து. நாலாம் நம்பர் அக்கா அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"சார், உள்ள மாட்டுனவங்களுக்கு மூச்சு முட்டும். பதினோரு நிமிஷம்னா..."

"ஒன்பதாவது நிமிஷத்துல வயலின் வரும்மா. மனசுக்கு இதமா இருக்கும். அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லுங்க."

"சொல்றதுக்குப் போனை எடுக்கணுமே சார்?"

இப்படிப்பட்ட எதிர்மறைச் சிந்தனைகளையும் மீறித் திட்டம் மாபெரும் வெற்றி பெற்றது. 'சராசரிக் காத்திருப்பு நேரம்' என்ற பழைய கட்டத்துக்கு 'சராசரி ரசனை நேரம்' என்று பெயர் மாற்றப்பட்டது. முன்பு எது கூடினால் தலைகுனிவோ, இப்போது அது கூடக் கூடப் பெருமை. மூன்று மாத அறிக்கையில் சிம்பொனி சார் தம் கையாலேயே எழுதினார்: 'கேட்டவர்களில் எவரும் பாதியில் எழுந்து போகவில்லை.'

பொது மேலாளர் அவரைத் தோளோடு அணைத்தார். "நேத்துகூட மூணு தடவை கேட்டேன்யா. அந்த வயலின் இருக்கே... கண்ணுல தண்ணி!"

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பத்தாவது மாடியில் பாராட்டு விழா என்று முடிவாயிற்று. மண்டபம் நிறைய வேண்டுமே என்று மெக்கானிக்குகள் உட்பட அனைவருக்கும் வருகை கட்டாயம். புகார்ப் போனைக் கவனிக்க நாலாம் நம்பர் அக்காவுக்கு மட்டும் விலக்கு. விழா முடியும்வரை எவரும் வெளியேறக் கூடாது. போன்களை அணைத்து வைக்க வேண்டும். இந்தச் சுற்றறிக்கையிலும் சிம்பொனி சார்தான் கையெழுத்திட்டார். பாராட்டப்படுகிறவரே ஏற்பாட்டையும் கவனித்துக்கொண்டால் வேலை சுத்தமாக இருக்கும்.

மனைவி அரைநாள் லீவு போட்டு வந்தாள். இருவரும் லிஃப்ட்டில் ஏறினார்கள். ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் அது 'டக்' என்று நின்றது. மனைவி பதறினாள். சிம்பொனி சார் முகத்தில் புன்னகை மலர்ந்தது. அடுப்பு இல்லை, பால் இல்லை, போவதற்கு இடமும் இல்லை. பத்தொன்பது வருடக் குறை தீரப்போகிறது.

"பயப்படாதே. நம்ம நம்பருக்கே போடறேன். இன்னைக்குத்தான் நீ முழுசா கேக்கப்போறே."

ஸ்பீக்கரில் போட்டுப் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். இசை தொடங்கியது. கொதிக்கிற கெண்டியை எறும்பு கடித்த மாதிரி ஒரு சத்தம். புல்லாங்குழலாக இருக்க வேண்டியது அது.

"இதுவாங்க?"

"லைன் கோளாறா இருக்கும். ஒன்பதாவது நிமிஷம் பாரு."

மனைவி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே புழுக்கம் ஏறியது. அவளுடைய நெற்றியில் வியர்வை வழிந்தது. ஆனாலும் அசையாமல் கேட்டாள். ஒன்பதாவது நிமிடம் வந்தது. எல்லாம் அடங்கியது. சிம்பொனி சார் போனை அவள் காதுக்கு இன்னும் நெருக்கிப் பிடித்தார்.

டிங். பீப்பீ. டொம். பீப்பீ. டணார்.

"யாருங்க அது பாத்திரத்தை உருட்டறது?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பத்தாவது சேனல் தாள வாத்தியங்களுக்கு என்பது உலகத்து யந்திரங்களெல்லாம் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம். அவர் கம்ப்யூட்டர் வீட்டுப் பிள்ளை, அவருக்காக வளைந்து கொடுத்தது. ஆபீஸ் யந்திரம் சட்டப்படி நடந்தது. உயரே போன சுரம் மணியானது, கீழே இறங்கியது முரசானது, அவர் அழுத இடம் விசிலானது.

"மூணு மாசமா இதையா கேட்டாங்க? யாருமே உங்ககிட்ட சொல்லலையா?"

"மேனேஜரே மூணு தடவை கேட்டேன்னு சொன்னாரே..."

"எந்தப் போன்ல கேட்டாராம்?"

நிறுவனத்தில் ஒருவர்கூட, அவர் உட்பட, அந்த நம்பருக்கு ஒருமுறையும் போன் போட்டதில்லை. கடைசி விசிலும் ஓய்ந்தது.

"முழுசா கேட்டுட்டேங்க," என்றாள் மனைவி. முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்: "வயலின் வரவே இல்லையே?"

அதற்குள் போனில் நாலாம் நம்பர் அக்காவின் குரல் வந்தது.

"வணக்கம். காத்திருந்து ரசித்தமைக்கு நன்றி. இசை 'மிக நன்று' என்று பதியட்டுமா, வெறும் 'நன்று' என்று பதியட்டுமா?"

"அக்கா, நான்தான்! லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். மெக்கானிக்கை அனுப்புங்க!"

"ஐயோ சார்! எல்லாரும் உங்க விழாவுல இருக்காங்களே. முடியற வரைக்கும் வெளிய விடக் கூடாதாம்."

"எப்ப முடியும்?"

"ஆரம்பிச்சா முடிஞ்சிடும் சார். நீங்க வந்ததும் ஆரம்பிச்சிடுவாங்க."

"மேனேஜருக்குப் போன் போடுங்க!"

"எல்லார் போனும் அணைச்சிருக்கு சார். சுற்றறிக்கை."

"அப்ப நீங்களே மாடிக்கு ஓடிப்போய்ச் சொல்லுங்களேன்!"

"போறேன் சார். ஆனா இன்னொரு லைன்ல ஒரு பெரியவர் மாட்டிக்கிட்டு இருக்காரு. இப்பத்தான் ரெண்டாவது நிமிஷம். அவர் முழுசா கேக்காம நான் எடுக்கவும் கூடாது, எழுந்து போகவும் கூடாது. நீங்க லைன்லயே இருங்க."

கெண்டி மறுபடி கொதிக்கத் தொடங்கியது. மனைவி கைப்பையால் விசிறிக்கொண்டே கேட்டாள்: "அறிக்கையில யாரும் பாதியில எழுந்து போகலன்னு எழுதினீங்களே. கதவு திறந்தாத்தானேங்க போவாங்க?"

இந்த இசையை உடனே நிறுத்தச் சொல்லி யாரிடமாவது புகார் கொடுத்தே தீர வேண்டும் என்று சிம்பொனி சார் வாழ்க்கையில் முதல் முறையாக நினைத்தார். புகார் எண், கதவுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அந்த எண்ணில்தான் அவர் காத்துக்கொண்டிருந்தார்.