அது கூடைப்பந்துத் தட்டு, மச்சான்!

தி. நகர்,
ஞாயிறு காலை

மதிப்புக்கும் கோபத்துக்கும் உரிய ராம்குமார் மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை சீதாவின் கணவன் அய்யாதுரை இரண்டு கையையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே சீதா, லாவண்யா, ஜவுளிக்கடை, என் முழங்கால் வலி எல்லாம் சௌக்கியம். திருநெல்வேலியில் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்கவும், உங்கள் கோபம் மட்டும் மெலிந்துபோகவும் செந்தூர் முருகனை வேண்டுகிறேன். போன் பண்ணினால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பிலும் என்னை பிளாக் பண்ணிவிட்டீர்கள். கடுதாசியை பிளாக் பண்ண முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

தாய்மாமன் உங்களுக்குச் சொல்லாமல் லாவண்யாவுக்கு நிச்சயம் பண்ணிவிட்டேன் என்று ஊரில் பேசுவது சுத்தப் பொய். என் கடை முருகன் படத்தின் மேல் சத்தியம். அந்தப் போட்டோவில் நான் தட்டு மாற்றுவது நிஜம்தான். ஆனால் அது கல்யாணத் தட்டு இல்லை, கூடைப்பந்துத் தட்டு. பாளையங்கோட்டையில் காலேஜ் டீமுக்குக் கூடையடியில் நிற்கும் சென்டராக ஆடியவர் நீங்கள், ஆறடி இரண்டங்குலம், உங்களுக்குச் சொன்னால் புரியும்.

எங்கள் பனகல் பாந்தர்ஸ் டீமுக்கு நான் தலைவர் என்பது தெரியும். இந்த வருஷம் பைனலுக்கு வந்துவிட்டோம், எதிரி ஈக்காட்டுத்தாங்கல் டீம். எங்கள் சென்டர் அறிவு தங்கமான பையன், ஆனால் பந்து தலைக்கு மேலே போனால் அண்ணாந்து பார்த்து வழியனுப்பி வைப்பான். அப்போதுதான் பட்டினப்பாக்கம் மிக்கேல், ஆறடி ஐந்தங்குலம், பேங்க் டீமோடு ஒப்பந்தம் முடிந்து ப்ரீ ஏஜென்ட் ஆகிவிட்டான் என்று சேதி வந்தது. அதாவது எந்த டீமுக்கும் சொந்தமில்லை, யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு. அவ்வளவுதான், காபிக் கடையில் ரகளை. எங்கள் ரசிகர் மன்றத்து மகேஷ், வளையல் கடைக்காரன், மேஜையைத் தட்டுகிறான்: “பைனல் வர்ற நேரத்துல டீமைக் கலைக்காத தலீவா! அறிவு நம்ம புள்ள, முதல்ல எறங்குற அஞ்சு பேர்ல அவன்தான்.” மயிலாப்பூரிலிருந்து எங்கள் ஆட்டம் பார்க்க வரும் சுலோச்சனா மாமி விடுவாரா? “அறிவு சமத்துதான்டா. ஆனா அவன் குதிக்கறதுக்குள்ள நான் ஆத்துக்குப் போய் காபி போட்டுக் குடிச்சுண்டு வந்துடுவேன்!” எங்கள் டீமுக்கு ஸ்கோர் எழுதும் லாவண்யாவோ ஒரே பிடியாக, “மிக்கேல்தான் ஸ்டார்ட் பண்ணணும்பா. அவரை பெஞ்சுல உக்கார வெச்சா நான் கிரவுண்டு பக்கமே வரமாட்டேன்” என்றாள். பிள்ளைக்கு டீமின் மேல் எவ்வளவு பாசம் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

நம்ம ஊர்ப் பழக்கம் உங்களுக்கே தெரியும். கடைக்கு இடம் பேசினாலும் வெற்றிலை பாக்கு பழம் மாற்றாமல் வாய்ச்சொல்லை யார் நம்புவார்கள்? அந்த யோசனையைச் சொன்னதும் லாவண்யாதான். “வெறுங்கையா போகாதீங்கப்பா, தட்டோட போவோம்.” அவளே மல்லிகைப்பூ வாங்கினாள், அவளே அரக்குப் பட்டு கட்டினாள், தட்டையும் அவளே தூக்கிக்கொண்டாள். கடையிலிருந்து ஒரு பட்டு வேட்டியும் வைத்தோம். ஜெர்சி தைக்க நாள் ஆகும் என்பதால் வேட்டி. மகேஷும் சுலோச்சனா மாமியும் கூட வர, பட்டினப்பாக்கம் போனோம்.

மிக்கேலின் அம்மா தேசம்மா, மீன் வியாபாரம், குரல் லைட்ஹவுஸ் வரை கேட்கும். தட்டைப் பார்த்தார், லாவண்யாவைப் பார்த்தார், உட்காரச் சொல்லி கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “முதல்ல ஒரு வருஷம் வெச்சுப் பாப்போம்மா. ரெண்டு பேருக்கும் சரிப்பட்டா தொடரலாம், இல்லேன்னா தம்பி வேற எடம் பாத்துக்கிடலாம்” என்றேன். தேசம்மா முகம் மாறியது. பயப்படுகிறாரோ என்று தைரியம் சொன்னேன்: “தம்பிக்கு மூச்சு வாங்குனா ஒண்ணும் கவலையில்ல, எங்க அறிவு பக்கத்துலயே ரெடியா உக்காந்திருப்பான், உடனே எறக்கி விட்டுருவோம்.”

“இன்னா நைனா பேசிக்கினு கீற!” என்று ஒரு சத்தம். வாசலில் இருந்த பூனை ரோட்டைத் தாண்டி ஓடியது. “பூ வெச்ச பொண்ண கூட்டியாந்துட்டு மாத்து ஆளா? இது இன்னா குடும்பம்?” பூவுக்கும் சென்டருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் முழிக்க, மிக்கேல் சிரிப்பை அடக்க முடியாமல் இருமிக்கொண்டே அம்மாவை உள்ளே இழுத்துப் போனான். ஏதோ குசுகுசு. திரும்பி வந்தபோது தேசம்மா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. என் தட்டை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு தட்டு கொடுத்தார், நடுவில் முழு வஞ்சிர மீன், சுற்றிலும் வெற்றிலை. சுலோச்சனா மாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு, “சுபம், சுபம்” என்றார். மகேஷ் போட்டோ எடுத்து, “சைனிங் முடிஞ்சது!” என்று ஊருக்கே அனுப்பிவிட்டான். அதுதான் உங்களுக்கு வந்து சேர்ந்த போட்டோ.

நேற்று தேசம்மா கடைக்கு வந்து கல்லாவுக்கு எதிரே உட்கார்ந்து, “சம்மந்தி, முகூர்த்தப் பொடவை எட்த்துப் போடு, மெரூன் வாணாம்” என்றபோதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. முப்பது வருஷம் பட்டு விற்றவன், முதல் தடவையாகப் புடவையைத் தலைகீழாக விரித்தேன். மச்சான், என் மகளுக்கு நீங்கள் மாலை எடுத்துக் கொடுக்காமல் ஒரு நல்ல காரியம் நடக்குமா? சீதா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. உங்கள் வாயால் ஒரு வார்த்தை வந்தால்தான் என் வீட்டில் சோறு. இன்று மாலையே பட்டினப்பாக்கம் போய், இது ஒரு சீசனுக்கான ஏற்பாடு மட்டும்தான் என்று சொல்லி, கல்யாணப் பேச்சை முறித்துவிடுகிறேன். மிக்கேல் ஆட வந்தால் போதும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்களுக்கு என் கன்னத்தில் நானே போட்டுக்கொண்ட இரண்டு அறை.

பணிவுள்ள,
அய்யாதுரை

பின்குறிப்பு (அதே நாள் மாலை): மேலே உள்ளதைப் படித்திருந்தால் தயவுசெய்து மறந்துவிடுங்கள். கூரியரில் போடச் சொல்லி லாவண்யாவிடம் கொடுத்தேன், அவள் படித்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள். “அப்பா, தட்டு உங்களுக்குத்தான் கூடைப்பந்து. எனக்கு இல்ல. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு” என்றாள். கோபம் வரும் என்று பார்த்தேன் மச்சான், வரவே இல்லை. அழுகைதான் வந்தது, அதுவும் சந்தோஷத்தில். சர்ச்சா கோயிலா என்று கேட்பீர்கள். தேசம்மா இரண்டிலும் என்கிறார், எனக்கும் சம்மதம். தாய்மாமன் மாலை இல்லாமல் தாலி கட்ட மாட்டேன் என்று மிக்கேலே சொல்லிவிட்டான். உங்கள் கையால் நடக்க வேண்டும், வந்துவிடுங்கள். சீதா சிரித்துவிட்டாள், சோறும் வந்துவிட்டது.

ஒரே ஒரு இடி. மாமனார் டீமில் ஆடினால் சிபாரிசில் வந்தவன் என்பார்களாம், அதனால் மாப்பிள்ளை இன்று காலை ஈக்காட்டுத்தாங்கலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆகவே வரும்போது மாலையோடு உங்கள் பழைய கேன்வாஸ் ஷூவையும் எடுத்து வாருங்கள். உங்கள் உயரத்தைச் சொன்னதும் சுலோச்சனா மாமி, “முதல் அஞ்சுலயே போட்டுடுங்கோ” என்று சொல்லிவிட்டார்.